தொட்டில் ஒன்று, குடித்தனம் நான்கு

1996-இல் பாம் பைலட் என்ற கையடக்கக் கருவி வந்தபோது சங்கதி சுலபம். கருவியைத் தொட்டிலில் வை, பொத்தானை அமுக்கு, முகவரியும் நாட்குறிப்பும் கணினிக்குப் போய்விடும். 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்து, ஒரே கணினியில் வீட்டார் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு தனிக்குடித்தனம் நடத்த வசதி செய்து கொடுத்தது. வினை அங்கேதான். அப்பா லாக்-ஆஃப் செய்யாமல் 'சுவிட்ச் யூசர்' அமுக்கிவிட்டு ஆபீஸ் கிளம்பிவிடுவார். பாமைக் கணினியோடு ஒத்திசைக்கும் அவருடைய ஹாட்சிங்க் மேனேஜர் நிரலோ திரைமறைவில், தொட்டில் மாட்டியிருக்கும் சீரியல் போர்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் போர்ட் ஒரு நேரத்தில் ஒரு நிரலுக்குத்தான் மசியும். மகள் பொத்தானை அமுக்குவாள், அசைவே இருக்காது. கேபிளைப் பிடுங்கி மாட்டுவாள், மென்பொருளை நீக்கித் திரும்பப் போடுவாள், பேட்டரிமேல்கூடச் சந்தேகப்படுவாள். அப்பாவை லாக்-ஆஃப் செய்யும் யோசனை கடைசியில்தான் வரும். பாஸ்வேர்டு கேட்கும். அவர் மீட்டிங்கில் இருப்பார்.