அறுபது கிலோ ஆசை

காய்கறி வாங்க வடசேரி கனகமூலம் சந்தைக்குப் போய், கத்தரிக்காய்க்குப் பதிலாகக் கைப்பிடி இல்லாத வெண்கலக் கரண்டியோடு திரும்பி வருகிற ஒருவர் நாகர்கோவிலில் தெருவுக்குத் தெரு உண்டு. பென்ஷன் வந்த மறுமாதம் தொடங்கும் வியாதி இது. வேலையில் இருந்தவரை பழைய ஃபைலைக் கண்டாலே முகம் சுளித்தவர், ஓய்வு பெற்றதும் துரு ஏறிய எதைப் பார்த்தாலும் உருகிப் போகிறார். அவர் வீட்டில் பத்தாயம் உண்டு, நெல் கிடையாது. மரக்கால், நாழி, உழக்கு எல்லாம் வரிசையாக இருக்கும், அளப்பதற்கு ஒன்றும் இருக்காது. அம்மிகள் சுவரோரம் சாய்ந்து கிடக்க, துவையல் மிக்ஸியில் அரைபடும். ஆக்கர் கடைக்காரர்களுக்கு இவரை நன்றாகத் தெரியும். உருக்கப் போகிற சாமானை இவர் வரும் நேரம் பார்த்து முன்னால் எடுத்து வைப்பார்கள், கொஞ்சம் மண்ணும் பூசி.

பித்தளையில் தொடங்கி, மரத்துக்கு வந்து, கல்லைத் தாண்டி, இரும்பில் போய் நிற்கிற மோகம் இது. கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் பட்டடை வேண்டும் என்று இவருக்குத் தோன்றிவிட்டால் வீட்டார் உஷாராக வேண்டும். மற்றதையெல்லாம் பைக்குள் ஒளித்துக் கொண்டுவரலாம்.

அப்படிப்பட்ட அண்ணாச்சி ஒருவர், குலசேகரம் பக்கம் ஒரு கொல்லுப்பட்டறை மூடப்போகிறது என்று கேள்விப்பட்டுக் காரை எடுத்தார். துணைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார். தூக்க ஆள் வேண்டும் என்பதைப் போகும்போது சொல்லவில்லை.

பட்டறைக்கார ஆசாரி எழுபதைத் தாண்டியவர். ரப்பர் பால்வெட்டுக் கத்தியும் வெட்டுகத்தியும் பனையேறிகளுக்குப் பாளை அரிவாளும் அடித்துப் பேர் வாங்கியவர். மகன் சவுதியில். கத்தி இப்போது மார்த்தாண்டத்துக் கடைகளில் பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்குகிறது. உலைக்குக் காற்று ஊத மோட்டார் வந்தபோதே துருத்தியைக் கோழிகள் எடுத்துக்கொண்டுவிட்டன. மோட்டாரும் இப்போது ஊதுவதில்லை.

பட்டடை மூலையில், புளியங்குத்தியின் மேல் இருந்தது. உள்ளூரில் காணும் வெறும் சதுரக் கட்டி அல்ல, சீமைப் பட்டடை. ஒரு பக்கம் கூம்பிய மூக்கு, மறுபக்கம் தட்டையான வால், வாலில் சதுரமாக ஒரு துளை, உருண்டையாக ஒரு துளை. சதுரத் துளையில் உளியை நட்டு, பழுக்கக் காய்ந்த கம்பியை அதன்மேல் வைத்து ஓர் அடி அடித்தால் துண்டாகிவிடும். உருண்டைத் துளைக்கு நேராகத் தகட்டை வைத்துத் துளையிடலாம். வளையமும் கொக்கியும் வளைக்க மூக்கு.

நம்மவர் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். சைக்கிள் கடையில் வாங்கிய பால்ரஸ் குண்டு ஒன்றை மடியிலிருந்து எடுத்தார். பட்டடை முகத்தின்மேல் ஓர் அடி உயரத்திலிருந்து குண்டைப் போட வேண்டும். பதம் ஏறிய நல்ல எஃகு என்றால் முக்கால்வாசி உயரத்துக்காவது திரும்பி எழும்பும். வெறும் வார்ப்பிரும்பு என்றால் பாதிகூட வராது. யாராவது வெல்டிங் வைத்து ஒட்டுப் போட்டிருந்தால், அந்தச் சூட்டில் பதம் இறங்கி, அந்த இடத்தில் மட்டும் குண்டு சோர்ந்து விழும். நல்ல சோதனைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் குண்டு எழும்பிய வேகத்தில் உலைச் சாம்பலுக்குள் போய்விட்டது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பலைத் துழாவினார். ஆசாரி கைச்சுத்தியலை எடுத்துப் பட்டடையில் ஒரே ஒரு தட்டு தட்டினார். கணீரென்ற சத்தத்தில் கூரைமேல் இருந்த காக்கை பறந்தது.

“போதுமா சாரே?”

விலை பேசும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது வாங்குகிறவனுக்குப் பாலபாடம். இந்த ரகத்துக்கு அது ஆகாது. இவர்களுக்குச் சாமானைவிடச் சாமானின் பூர்வீகம் முக்கியம்.

“ஆசாரியே, இது டிலனாய் காலத்து உருப்படியாக்கும்” என்று ஆரம்பித்தார். டச்சுக் கம்பெனிக்காக வந்து குளச்சல் சண்டையில் 1741-ல் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டது, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானது, உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்க உலை போட்டது, 1777-ல் இறந்து அந்தக் கோட்டைக்குள்ளேயே அடங்கியது எல்லாவற்றையும் வரிசை தப்பாமல் சொன்னார். ஆசாரி பொறுமையாகக் கேட்டார்.

“யாரு, தக்கலைப் பக்கம் பட்டறை போட்டிருந்தவரா?”

ஒருவகையில் அதில் தப்பே இல்லை.

அடுத்து, பட்டடையின் இடுப்பில் இருந்த துருவைத் தேய்த்தார் அண்ணாச்சி. 1, 0, 21 என்று மூன்று எண்கள் தெரிந்தன. “கொல்லம் ஆண்டு 1021! அதோட 825-ஐக் கூட்டும் வே. 1846. சுவாதித் திருநாள் மகாராஜா காலம்லா!” டிலனாய் செத்து ஏறக்குறைய 70 வருஷம் கழித்து என்பது அவரை உறுத்தவே இல்லை. தளபதி ஒரு பக்கமும் மகாராஜா மறுபக்கமுமாகப் பட்டடையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஆக்கர் கடைக்காரர் எடைக்குக் கேட்டுவிட்டுப் போயிருந்த இரும்பு, கால் மணி நேரத்தில் கொட்டாரத்து விலைக்குப் போனது.

பணத்தை எண்ணி மடியில் செருகிய பிறகுதான் ஆசாரிக்கு மனசாட்சி உறுத்தியது. “சாரே, அது வருஷமில்ல, எடையாக்கும். எங்க அப்பா தோட்டத்துத் தொரைகிட்ட வாங்கும்போ சொல்லிக் குடுத்தது. முதல்ல அந்தர், நடுவுல கால் அந்தர், கடைசியில ராத்தல்.” ஓர் அந்தர் 112 ராத்தல். கால் அந்தர் 28, இதில் அது பூஜ்யம். மிச்சம் 21. இங்கிலாந்துப் பட்டடைகளில் எடையை இப்படித்தான் வெட்டியிருப்பார்கள். கூட்டினால் 133 ராத்தல், இன்றைய கணக்கில் 60 கிலோ.

அண்ணாச்சி ஒரு நிமிஷம் வாடினார். ஒரு நிமிஷம்தான். “133! கவனிச்சீரா வே? குறள்ல 133 அதிகாரம். கன்னியாமரியில செல 133 அடி. இதெல்லாம் சும்மா அமையுமா?”

60 கிலோ என்பது ஓர் ஆளின் எடைதான். ஆனால் ஆளாக இருந்தால் கையைக் காலைக் கொடுத்து ஒத்துழைப்பான். பட்டடை எங்கேயும் பிடி கொடுக்காது. ஆட்டோக்காரர் ஒருவர் அதைப் பார்த்தார், தன் முதுகுப்பக்கத்தை நினைத்துக்கொண்டார், “பிரேக் போட்டா முன்னால வருமா?” என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். குட்டியானை பிடிக்கலாம் என்றேன். வாடகை கட்டுப்படியாகாது என்றார், சற்றுமுன் மகாராஜா விலை கொடுத்தவர். கடைசியில் புளியங்குத்தி டிக்கியில் போயிற்று. பட்டடை பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்தது. அது சாயாமல் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் நான். எனக்கு பெல்ட் இல்லை.

அழகியமண்டபம், தக்கலை தாண்டி, புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைப் பக்கம் வண்டியை ஓரங்கட்டினார். “ரெண்டு நிமிஷம் நிக்கட்டும் வே” என்றார். எடைக் கணக்கு தெரிந்த பிறகும் டிலனாயை அவர் கைவிடுவதாக இல்லை.

வீட்டில் இறக்கிய பிறகுதான் எங்கே வைப்பது என்ற யோசனையே வந்தது. முற்றத்தில் வைத்தால் இரண்டு மழைக்காலமும் நனையும். மாடிக்கு ஏற்ற நான் மறுத்துவிட்டேன். முன்னறையில் டைல்ஸ். சுற்றிச் சுற்றி, நடைவழியில் அடுக்களை வாசலை ஒட்டி அமர்ந்தது. வீட்டில் ஆளுக்கொரு கால் விரல் வீங்கியது. வந்தவர்கள் எல்லோரும் அதை ஒரு தட்டு தட்டி நாதம் கேட்க வேண்டும் என்பது சட்டம். காபி அதற்குப் பிறகுதான்.

அவர் மனைவி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. சுட்ட கொல்லாங்கொட்டையை அதன்மேல் வைத்து உடைத்துப் பார்த்து, பருப்பு சிதறாமல் வருகிறது என்று நியாயமாக ஒத்துக்கொண்டார். அந்தத் தைரியத்தில் அண்ணாச்சி ஒரு படி மேலே போனார்.

“வள்ளுவரே பட்டடைக்கு எடம் குடுத்திருக்காரு, தெரியுமா உனக்கு?”

“தெரியும். கூடா நட்பு, முதல் குறள். அவரு சரியான எடத்துலதான் வெச்சிருக்காரு. நீங்கதான் அடுக்களை வாசல்ல வெச்சிருக்கீங்க.”