ராமசாமி ஏன் பஸ் ஏறினான்?

தம்பி மகளின் சீமந்தப் பத்திரிகை முந்தாநாள் சாயங்காலத்துக்குள் அச்சகத்துக்குப் போயிருக்க வேண்டும். "எங்க பெரியப்பா கம்ப்யூட்டர்ல கில்லாடி" என்று அவள் புகுந்த வீட்டில் சொல்லிவைத்திருக்கிறாள். அதனால் லினக்ஸில் இன்க்ஸ்கேப்பைத் திறந்து, ஓரமெல்லாம் மாங்காய்க் கொடி ஓடவிட்டு, மாப்பிள்ளையின் தாத்தா பெயரை அடித்துக்கொண்டிருந்தேன். பாதிப் பெயரில் திரை நின்றுவிட்டது.

"பெரியப்பா, பிரஸ்காரர் கடையைச் சாத்தப்போறாராம்."

"ரெண்டு நிமிஷம்மா. ஹேங் ஆயிருக்கு."

"மறுபடியுமா?"

அந்த 'மறுபடியுமா' இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. பின்னால் ஓர் ஆண்குரல், "விண்டோஸ் போட்டுக்கலாமே" என்றது. சம்பந்தி குரல் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் நடந்திருப்பது வேறு.

கிராஃபிக்ஸ் டிரைவரில் எதைப் போடுவது, எதைக் கழற்றுவது என்று நாலு பேருக்குப் பயன்படும்படி எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதை இன்றைக்கு முடித்துவிடுகிறேன். முதலில் ஹேங் ஆவதன் வகைகளைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் டிரைவர் பகுதி புரியாது.

ஒரு வகையில் எல்லாம் நின்றிருக்கும், மவுஸின் அம்புக்குறி மட்டும் ஓடும். கிராஃபிக்ஸ் அட்டையில் அம்புக்குறிக்கென்று தனி அடுக்கு இருப்பதால், டெஸ்க்டாப் மொத்தமும் போன பிறகும் அது உலாத்திக்கொண்டிருக்கும். இருப்பதிலேயே கொடூரமானது இதுதான். நம்பிக்கை தருகிறதே! மூடும் பெருக்கல் குறிமேல் அம்பைக் கொண்டுபோய் அழுத்துவோம். ஒன்றும் நடக்காது. கொஞ்சம் பலமாக அழுத்துவோம். மவுஸைத் தூக்கி, அடியில் ஊதிவிட்டு, மறுபடி அழுத்துவோம்.

இன்னொன்றில் பாட்டு ஓடும், திரை நிற்கும். கெர்னல் நலம், திரையை வரைகிறவர் மட்டும் படுத்துவிட்டார் என்று அர்த்தம். அதைவிட மோசமானதில் பாட்டின் கடைசித் துணுக்கு மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கும். ஒலிச் சாதனம் தன் பஃபரில் கிடந்ததையே சுற்றிச் சுற்றி வாசிக்கும். புதிதாக நிரப்ப ஆள் இல்லை. முந்தாநாள் எனக்கு வாய்த்தது இது. சீர்காழியின் கணீர்க் குரல் ஒற்றை எழுத்தில் மாட்டிக்கொண்டது. "அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்று சமையலறையிலிருந்து உத்தரவு வந்தது. நிறுத்த முடிந்தால் நிறுத்தியிருக்க மாட்டேனா?

கடைசி வகையில் சத்தமும் கிடையாது, அசைவும் கிடையாது. அப்போது நாமெல்லாம் நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியர் மாதிரி கேப்ஸ் லாக்கை அழுத்திப் பார்ப்போம். விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே யாரோ இருக்கிறார்கள். எரியாவிட்டால் இல்லை. தானாகச் சிமிட்டினால் கெர்னல் பேனிக். இந்தச் சிமிட்டலும் பழைய வட்டப் பின் கீபோர்டிலும் மடிக்கணினிகள் பலவற்றிலும்தான் உண்டு. யூஎஸ்பி கீபோர்டு துக்கச் செய்தியைக்கூடச் சொல்லியனுப்பாது.

அடுத்து கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3. கறுப்புத் திரையில் லாகின் கேட்டால் பாதி பிழைத்தோம். ஒரு காலத்தில் கண்ட்ரோல், ஆல்ட், பேக்ஸ்பேஸ் என்று தட்டினாலே போதும், எக்ஸ் சர்வர் செத்துப் புதிதாகப் பிறந்து வரும். ஜனங்கள் தெரியாமல் அழுத்திவிடுகிறார்கள் என்று 2009இல் உபுண்டு 9.04 வந்தபோது அதை முடக்கிவிட்டார்கள். மூன்று விசைகளைச் சேர்த்துத் தெரியாமல் அழுத்திய அந்தப் புண்ணியவான் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இவ்வளவும் கைவிட்ட பிறகு மிஞ்சுவது சிஸ்ஆர்க்யூ. ஐபிஎம் 1984இல் பிசி ஏடி கணினியோடு கொண்டுவந்த விசை. இப்போது பிரிண்ட் ஸ்க்ரீனோடு ஒண்டுக்குடித்தனம் செய்கிறது. ஆல்ட்டையும் இதையும் பிடித்துக்கொண்டு எழுத்துகளைத் தட்டினால் டெஸ்க்டாப்பைக் கேட்காமல் நேரே கெர்னலிடம் பேசலாம். ஆர், இ, ஐ, எஸ், யு, பி. ஒவ்வொன்றாக, நடுவில் மூச்சு விட்டு. இந்த வரிசையை மறக்காமலிருக்க வெள்ளைக்காரர்கள், யானை வளர்ப்பது படு அலுப்பு என்கிற மாதிரி ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள். யானை அலுக்கும் என்கிறவர்களோடு நமக்கென்ன பேச்சு? நான் சொந்தமாக ஒன்று கட்டிக்கொண்டேன்:

ராமசாமி எழுந்து இட்லி சாப்பிட்டு உடனே பஸ் ஏறினான்.

ராமசாமி வந்தால் டிஸ்ப்ளே சர்வரின் பிடியிலிருந்து கீபோர்டை கெர்னல் பிடுங்கிக்கொள்ளும். 'எழுந்து' என்றால், ஓடுகிற நிரல்கள் எல்லாவற்றிடமும் "கிளம்புங்கப்பா" என்று மரியாதையாகச் சொல்லும். 'இட்லி', கிளம்பாதவர்களைக் கொன்றுபோடும். (கொல்லும் வேலை இட்லிக்குப் பொருந்தவில்லை என்பது என் மகனின் விமர்சனம். நான் படித்த காலத்து ஹாஸ்டலில் அவன் சாப்பிட்டதில்லை.) 'சாப்பிட்டு', நினைவகத்தில் நிற்பதை டிஸ்க்கில் எழுதும். 'உடனே', டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று பூட்டும். 'பஸ்', ரீபூட். பஸ் ஏறியாகிவிட்டது.

என்ன அழகான ஏற்பாடு! ஆனால் உபுண்டுவில் ராமசாமி எழுந்திருப்பதே இல்லை.

எந்த எழுத்துக்கு அனுமதி, எதற்கு இல்லை என்பதைக் கெர்னலில் ஓர் எண் தீர்மானிக்கிறது. உபுண்டுவில் அது 176. அதாவது 128, 32, 16: ரீபூட், பூட்டு, எழுது. ஆகவே அங்கே நம் வாக்கியம், "சாப்பிட்டு உடனே பஸ் ஏறினான்." யார் ஏறினான், என்ன சாப்பிட்டான், ஒரு விவரமும் கிடையாது. டெபியனில் 438. கீபோர்டைப் பிடுங்கலாம், நிரல்களைக் கொல்ல முடியாது. "ராமசாமி சாப்பிட்டு உடனே பஸ் ஏறினான்." ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் எழுந்திருக்கவும் இல்லை, இட்லியும் இல்லை. படுத்தபடியே எதையோ விழுங்கிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறான். சிஸ்டம்டி தன் இஷ்டத்துக்கு வைக்கும் எண் 16. அங்கே மொத்த வாக்கியமும், "சாப்பிட்டு."

அவ்வளவுதான். சாப்பிட்டு. அப்புறம்? அப்புறம் ஒன்றும் இல்லை. ஆளும் இல்லை, பஸ்ஸும் இல்லை. சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான், எவன் என்று தெரியாத ஒருவன். பாதுகாப்புக்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு என்கிறார்கள். பூட்டிய திரைக்கு முன்னால் யாராவது வந்து நின்று நிரல்களைக் கொன்றுவிட்டால் என்னாவது என்ற கவலை. என் வீட்டுக் கணினிக்கு முன்னால் வந்து நிற்கிறவர் எதிர்வீட்டுத் தாத்தா ஒருவர்தான். அவர் வருவது பஞ்சாங்கம் கேட்க.

எண்ணை 1 என்று மாற்றினால் ராமசாமி முழுசாகக் கிடைப்பான். மாற்றியும் வைத்திருக்கிறேன். இப்போது தகராறு கையில். என் மடிக்கணினியில் பிரிண்ட் ஸ்க்ரீனுக்கு எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். எஃப்என், ஆல்ட் இரண்டுக்கும் இடக்கை. பிரிண்ட் ஸ்க்ரீனுக்கு வலக்கை. ராமசாமியை எதைக் கொண்டு அழுத்துவது? மூக்கு எட்டுகிறது; ஆனால் மூக்கு ஆரையும் இயையும் சேர்த்தே அழுத்துகிறது. வீட்டு அம்மாளைக் கூப்பிட்டேன்.

"நான் சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணா அழுத்து. ராமசாமி!"

"எங்க சித்தப்பாவை எதுக்கு இழுக்கறீங்க?"

அவர் பெயர் ராமசாமி என்பது அந்த நிமிஷத்தில் எனக்கு எப்படி ஞாபகம் வரும்? சித்தப்பாவைச் சமாதானப்படுத்தி இட்லிக்கு வருவதற்குள் அடுப்பில் பால் பொங்கி, உதவிக்கரம் உள்ளே போய்விட்டது. கடைசியில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். ராமசாமி பஸ் ஏறவில்லை, ஏற்றப்பட்டான்.

இதில் இன்னொரு கிளைக் கதையும் உண்டு. கணினி முழுசாக நிற்காமல் சும்மா திணறுகிற நாட்களில், ஆல்ட்டும் பிரிண்ட் ஸ்க்ரீனும் சேர்ந்து அந்த ஜன்னலைப் படம் பிடித்துவிடும். என் பிக்சர்ஸ் ஃபோல்டரில் நின்றுபோன திரைகளுக்குப் பஞ்சமே இல்லை. குடும்பப் படங்களைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

ரீபூட் ஆனதும் நம்மவர்கள் என்ன செய்வார்கள்? பத்திரிகை வேலையைத் தொடுவோமா? லாக் படிப்போம். ஜர்னல்சிடிஎல், மைனஸ் பி, மைனஸ் ஒன்று. கடைசி வரியில் புளூடூத் பற்றி ஏதோ இருக்கும். அதற்கு முந்தின வரியில் பிரிண்டர். ஒரேயடியாக நிற்கிற கணினிக்கு, நின்ற காரணத்தை டிஸ்க்கில் எழுதிவிட்டுப் போக நேரம் கிடைப்பதில்லை, நியாயம்தான். அதற்காக விட்டுவிடுவோமா? சிவப்பாக எது கண்ணில் பட்டாலும் பிடித்துக்கொள்வோம். ஏசிபிஐ பிழை என்று ஒரு சிவப்பு வரி, சொகுசாக ஓடுகிற நாட்களிலும் இருப்பதுதான். இருந்தாலும் அதை நகலெடுத்துத் தேடுவோம். நான் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், தம்பி மகள் வாட்ஸாப்பில் அனுப்பிய வாசகத்தை வைத்துப் பிரஸ்காரரே பேஜ்மேக்கரில் பத்திரிகையை முடித்து அச்சுக்கு விட்டுவிட்டார். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு வந்தது 2001இல்.

சரி, டிரைவருக்கு வந்துவிட்டேன். அதற்கு முன் ஆலோசகர்கள். ஒரு நண்பர், "கெர்னல் புதுசா? அதான். பழசுக்குப் போ" என்றார். இன்னொருவர், "கெர்னல் பழசா? அதான். புதுசுக்குப் போ." இருவரும் ஒரே கணினியைப் பற்றித்தான் பேசினார்கள். வேலேண்டில் இருந்தால் எக்ஸுக்கு மாறச் சொல்வார்கள். மாறினால், "1984இல் ஆரம்பிச்சதைப் போய் இன்னுமா வெச்சிருக்கே?" என்பார்கள். நோமோட்செட் போட்டுப் பார் என்றார் ஒருவர். போட்டேன். ஹேங் ஆகவில்லை, கிராஃபிக்ஸ் டிரைவரே வேலைக்கு வராதபோது எப்படி ஆகும்? திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியவில்லை.

டிரைவர். கெர்னல் அப்டேட் வந்தால் மூடிய டிரைவருக்கு டிகேஎம்எஸ் புது மாட்யூல் கட்ட வேண்டும். ஹெடர்கள் இல்லாவிட்டால் கட்டாது. கட்டவில்லை என்பதை ஓடுகிற எழுத்துகளுக்கு நடுவே ஒற்றை வரியில் முணுமுணுத்துவிட்டுப் போய்விடும். மறுநாள் காலையில் திரை 1024க்கு 768இல் விழித்திருக்கும். கட்டிவிட்டாலும் செக்யூர் பூட் இருக்கிறது. ரீபூட்டில் ஒரு நீலத் திரை வந்து, நிறுவும்போது நாம் கொடுத்த பாஸ்வேர்டைக் கேட்கும். கொஞ்ச நொடிகள் பார்க்கும். யாரும் வராவிட்டால், சரி வேண்டாம்போல என்று தன்பாட்டுக்கு பூட் ஆகிவிடும். அந்தக் கொஞ்ச நொடிகளில்தான் சிலிண்டர்காரர் மணி அடிப்பார்.

2012இல் ஃபின்லாந்தில் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் லினஸ் டோர்வால்ட்ஸ் பேசிக்கொண்டிருந்தபோது, இரண்டு கிராஃபிக்ஸ் சில்லுகள் உள்ள மடிக்கணினியின் அவஸ்தையைப் பற்றி ஒருவர் கேட்டார். லினஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைத் தூக்கிக் காட்டி, அட்டைக் கம்பெனி ஒன்றைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். பத்து வருஷம் கழித்து, 2022இல், அதே கம்பெனி தன் கெர்னல் மாட்யூல்களின் மூலநிரலை வெளியிட்டது. லினக்ஸை உண்டாக்கியவருக்கு ஒரு விரல் போதுமாயிருந்தது. எனக்கு ராமசாமிக்கே இரண்டு கையும் மூக்கும் பற்றவில்லை. என்னிடம் இருப்பதும் அந்த அட்டைதானா என்று கேட்க வேண்டாம். இந்த வீட்டில் பல கம்பெனி அட்டைகளும் நின்றிருக்கின்றன. எனக்குப் பாரபட்சம் கிடையாது.

கம்பெனிகளைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். "மூலநிரல் திறந்துதானே இருக்கு, நீங்களே பார்த்துச் சரிபண்ணலாமே" என்கிறார்களே, அவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. கெர்னலின் மூலநிரல் 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் கிராஃபிக்ஸ் டிரைவர்கள் மட்டுமே ஒரு பெரிய பங்கு. உட்கார்ந்து பார்க்கிறேன். சீமந்தம் முடிந்து, குழந்தை பிறந்து, அது எட்டாம் வகுப்புக்குப் போகும்போது ஏதாவது தட்டுப்பட்டால் சொல்கிறேன். "இலவசமா கிடைச்சதைக் குறை சொல்லலாமா?" என்பவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறேன். அட்டை இலவசமாகக் கிடைக்கவில்லை. பில் அலமாரியில் இருக்கிறது, ஜிஎஸ்டியோடு.

இதைப் படித்துவிட்டு யோசனை சொல்ல நினைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அட்டை எது, கெர்னல் பதிப்பு எது, எந்த டெஸ்க்டாப் என்று எழுதுங்கள், உட்கார்ந்து படிக்கிறேன். "எனக்கு ஒரு தடவைகூட இப்படி ஆனதில்லையே" என்று மட்டும் எழுதாதீர்கள். கணினி ஒழுங்காக ஓடுகிற வாரங்களில் நானே மற்றவர்களிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.