அரை விநாடிக் கணக்கு

எங்கள் பாலிடெக்னிக் லேபில் 8085 கிட் ஒன்றுக்கு மூன்று பேர். ஒருவன் ஆப்கோடு வாசிப்பான், ஒருவன் ஹெக்ஸ் கீபேடில் தட்டுவான், மூன்றாமவன் கரண்ட் போய்விடக் கூடாது என்று வேண்டிக்கொள்வான். போனால் ரேமில் ஏற்றியதெல்லாம் போச்சு. 4100-இலிருந்து மறுபடி தட்ட வேண்டும்.

கீபேடைப் படிக்கவும் டிஸ்பிளேயில் எண்ணைக் காட்டவும் ரோமில் மானிட்டர் என்றொரு குட்டி நிரல் இருந்தது. ஆபரேட்டிங் சிஸ்டம் என்று அதற்கு யாரும் மரியாதை கொடுத்ததில்லை.

8255 போர்ட்டில் ஓர் எல்இடி. அது மினுக்க வேண்டுமானால், நடுவில் ப்ராசஸரை வெட்டியாக எண்ணவிட வேண்டும். ரிஜிஸ்டர் ஜோடியில் 65,535 போட்டு ஒவ்வொன்றாகக் குறைப்பது. சுற்றுக்கு 24 டி-ஸ்டேட். 3 மெகாஹெர்ட்ஸில் எல்லாச் சுற்றும் ஓடி முடிய ஏறக்குறைய அரை விநாடி. அதுவரை அதற்கு வேறு வேலை கிடையாது. இந்தக் கணக்கை ரெக்கார்டு நோட்டில் போடாதவன் வைவாவில் தப்பியதில்லை.

இப்போது நான் நடத்தும் லேபில் ஆளுக்கொரு போர்டு. என்ஆர்எஃப்52840 சிப், 256 கிலோபைட் ரேம், புளூடூத். அதன்மேல் செஃபிர், லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2016-இல் தொடங்கிவைத்த ஆர்டிஓஎஸ். அரை விநாடிக்கு நாங்கள் பட்ட பாடெல்லாம் இதில் 'கே எம்ஸ்லீப்' என்ற ஒரே வரி. த்ரெட் படுத்துக்கொள்ளும், கெர்னல் வேறு த்ரெட்டை எழுப்பும், யாருக்கும் வேலையில்லை என்றால் ப்ராசஸரையே தூங்கவைக்கும். பட்டன் செல்லில் ஒரு சென்சார் மாதக்கணக்கில் ஓடுவது இந்தத் தூக்கத்தால்தான். எல்இடி எந்தப் பின்னில் இருக்கிறது என்றுகூட நிரல் தெரிந்துவைத்திருக்க வேண்டாம். டிவைஸ்-ட்ரீயில் 'எல்இடி0' என்று எழுதிவைத்திருப்பார்கள். போர்டை மாற்றினாலும் நிரலைத் தொட வேண்டியதில்லை. அழகான ஏற்பாடு, கிண்டலாகச் சொல்லவில்லை.

அந்த ஒரு வரியை ஓட்டுவதற்கு முன்னால் பைத்தான், சிமேக், டூல்செயின், அப்புறம் 'வெஸ்ட் அப்டேட்'. ஜிகாபைட் ஜிகாபைட்டாக இறங்கும். ப்ராசஸர் தூங்கக் கற்றுக்கொண்டுவிட்டது. வெட்டியாக எண்ணும் வேலை இப்போது வகுப்புக்கு.

"சார், நாப்பத்திரெண்டு பர்சன்ட்லயே நிக்குது."

"அதுவா வரும்பா. கேன்சல் மட்டும் பண்ணிடாத."

ஒருவழியாக எல்லாம் இறங்கி, கான்ஃபிக் ஃபைலில் ஷெல்லையும் சேர்த்துவிட்டால், 115200 பாடில் போர்டு பேசத் தொடங்கும். 'கெர்னல் அப்டைம்' என்று தட்டினால், விழித்து எத்தனை மில்லிவிநாடி ஆயிற்று என்று சொல்லும். 'டிவைஸ் லிஸ்ட்' என்றால் உள்ளே யார் யார் தயார் என்று வரிசையாக ஒப்பிக்கும். ஒரு மாணவி கேட்டாள்:

"உங்க காலத்துல இதையெல்லாம் எப்படி சார் பார்த்தீங்க?"

"பார்க்குறதுக்கு உள்ள யாரும்மா இருந்தா? மானிட்டரும் நாங்களும்தான்."

அடுத்த பேட்ச்சுக்கு லேப் வியாழக்கிழமை. டவுன்லோடைத் திங்கட்கிழமையே தொடங்கிவிடும்படி நோட்டீஸ் போர்டில் ஒட்டியாயிற்று.