மருமோன் வாங்கப்போற டீவி

மருமோனே, ஊர் முழுக்க உன்ர கதைதான். டீவி வாங்கப்போறியாம். மனிசி 55 இஞ்ச் கேக்கிறாளாம். நீ 43 காணும், ஆனா 4கே இல்லாட்டி வீட்டுக்குள்ள எடுக்கமாட்டன் எண்டு நிக்கிறியாம். கடைக்காரனுக்கு இன்னும் தெரியாது, பேசாலைக் கரையில கருவாடு காயவைக்கிற பொம்பிளையளுக்குத் தெரிஞ்சிட்டுது.

வள்ளத்துக்கு இஞ்சின் எடுக்கேக்க என்னட்டக் கேக்கேல்லை. பொம்பிளை பாக்கேக்கயும் கேக்கேல்லை. டீவிக்கு யோசினை கேட்டு வந்திருக்கிறாய். சரி, இரு.

இப்ப கடைக்குப் போகாதை, வீட்டுக்குப் போ. இந்தியன் வீட்டுத்திட்டத்தில கட்டின வீடு, மொத்தமே 550 சதுர அடி. ஹோலில ஒரு மூலை கொம்மாவின்ர மாதா சுருவத்துக்கு, ஒரு மூலை தையல் மெசினுக்கு. மிச்சத்தில கதிரையைப் போட்டு, கதிரையில இருந்து சுவர்மட்டும் பாகம் போட்டு அள. ஒண்டரைப் பாகம் வரும், ஒம்பது அடி. டீவி வாங்கப் போற எல்லாரும் காசை எண்ணிக்கொண்டு போறாங்கள், அடியை எண்ணிக்கொண்டு போறவன் ஒருத்தனுமில்லை. கடைக்காரன் பிழைக்கிறது அதிலதான்.

அவன் உன்னை ரெண்டடியில நிப்பாட்டி, கிளியும் பூவும் ஓடவிடுவான். கிளியின்ர இறகை ஒவ்வொண்டா எண்ணலாம். நீ வாயைப் பிளப்பாய். அந்தக் கிளி 4கேயில எடுத்த கிளி, ரெண்டடியில பாக்கவெண்டே எடுத்தது. உன்ர வீட்டில ஓடப்போறது கொம்மாவின்ர நாடகம், அதுவும் ஒம்பது அடியில.

வலை வாங்கேக்க நீளத்தையும் கேப்பாய், கண்ணையும் கேப்பாய்தானே? இதிலயும் ரெண்டு கணக்கு. இஞ்ச் எண்டது வலையின்ர அளவு, அதுவும் மூலைக்கு மூலை பிடிக்கிறது. 55 எண்டா அகலம் நாலடிதான், நீ சுவர் இடியுமெண்டு பயப்பிடத் தேவையில்லை. ரெசலூஷன் எண்டது கண். ஃபுல் எச்டீ 1920க்கு 1080, ஏறக்குறைய 20 லட்சம் புள்ளி. 4கே 3840க்கு 2160, 80 லட்சத்துக்கு மேல. நாலு மடங்கு எண்டு கடைக்காரன் சொல்லுறது பொய்யில்லை. உனக்கு அது தெரியுமோ எண்டதை மட்டும் அவன் சொல்லமாட்டான்.

நான் சொல்லுறன். பழுதில்லாத கண்ணுள்ளவன், 43 இஞ்ச் டீவியில இந்த ரெண்டையும் பிரிச்சறிய ஐஞ்சரை அடிக்குள்ள போய் இருக்கவேணும். 55இல ஏழு அடிக்குள்ள. நீ ஒம்பது அடியில இருந்து 43இல 80 லட்சம் புள்ளி பாக்கப்போறியோ? புள்ளி இருக்கும், காசு குடுத்த பத்திரமும் இருக்கும், கண்ணுக்கு மட்டும் ஒண்டும் வந்துசேராது. கிட்டப் பாக்கிறதுதான் ஆசையெண்டா டீவி எதுக்கு, மன்னார்க் கழுதையை எவ்வளவு கிட்டவாப் பாக்கோணுமெண்டாலும் படலையைத் திறந்தாக் காணும்.

கொம்மாவைக் கேள், எங்கட காலத்துக் கதை சொல்லுவாள். 1982 மாசி 15இல ரூபவாகினி துவங்கினது. பிறகு 90களில ராமேஸ்வரத்தில 323 மீட்டர் உயரத்தில தூரதர்சன் கோபுரத்தை எழுப்பினாங்கள். கடலுக்கு அங்கால நிக்கிற கோபுரம் எங்களுக்குக் கொழும்பைவிடக் கிட்ட. பனையில கட்டின அன்ரனாவைச் சோளகக் காத்துத் திருப்பினா, மேல ஏறுறவன் ஒருத்தன், கீழ நிண்டு “வருது, வருது, போச்சு” எண்டு கத்துறவன் ஒருத்தன். கொப்பருக்குக் கத்துற வேலை, எனக்கு ஏறுற வேலை. சண்டைக் காலத்தில கரண்டுமில்லை. டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் போட்டு, ஒரே இரவில மூண்டு படம் ஓடும். 14 இஞ்ச் பெட்டி, முத்தம் நிறைஞ்ச சனம். கடைசி வரிசையில இருந்தவன் பாத்தது தீப்பெட்டியளவு கதாநாயகனை. ஒருத்தனும் ரெசலூஷன் கேக்கேல்லை. “கொஞ்சம் பெரிசா இருந்தா நல்லம்” எண்டுதான் கேட்டாங்கள்.

அந்தப் பழைய படத்தில கண்ணுக்கு வாறது 576 கோடு. இண்டைக்கும் எச்டீ இல்லாத சனலில வாறது உந்தக் கணக்குத்தான். அதை 2160 வரிசை உள்ள டீவியில போட்டா, இல்லாத மிச்சத்தை டீவி தானா ஊகிச்சு நிரப்பும். நிரப்பினதைப் பாத்து நல்ல கிளியர் எண்டு சொல்லுறவனை நானும் கண்டிருக்கிறன்; குடுத்த காசு அவனைப் பேசவைக்கிது. உண்மையான 4கே வேணுமெண்டா நெட்டில எடுக்கவேணும். நெட்ஃபிளிக்ஸ்காரனே மணித்தியாலத்துக்கு 7 ஜீபி வரையும் போகுமெண்டு சொல்லுறான். நீ போனில ஒரு ஜீபி முடிஞ்சாலே மனிசியின்ர வைஃபையைக் களவெடுக்கிற ஆள்.

அதால மனிசி சொல்லுறதைக் கேள். 55 எடு. 43ஐவிட ஒண்டரை மடங்குக்கும் மேல பரப்பு, ஒம்பது அடிக்கு அளவான பெட்டி. நீ 4கேக்காகச் சண்டை பிடிக்கவும் தேவையில்லை. இப்ப அந்த அளவில வாறதெல்லாம் அனேகமா 4கேதான், நீ வேண்டாமெண்டாலும் ஒட்டிக்கொண்டு வரும். வாசலுக்கு நேர கொழுவிப்போடாதை, எங்கட மணல் வெயில் முழுக்க ஸ்கிரீனிலதான் விழும்.

ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டன். எச்டீ இல்லாத சனலை 55இல போட்டா ஒம்பது அடியில கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும். பதின்மூண்டு, பதினாலு அடிக்குப் போனா அந்த மங்கல் கண்ணுக்குப் பிடிபடாது. உன்ர வீட்டில அவ்வளவு தூரம் எங்க இருக்கெண்டு யோசியாதை, நான் ஏற்கெனவே பாத்திட்டன்: விறாந்தைப் படிக்குப் பக்கத்தில. அந்தக் கைவைச்ச கதிரையை அதில போட்டுவிடு. சத்தத்தைக் கூட்டிவை. றிமோட்டை மட்டும் கொம்மாவிட்டக் குடாதை.