மேலே பார்க்காத தங்கள் கருணைக்கு நன்றி

அனுப்புநர்
பாலியூரித்தேன் நுரை,
மேடையின் பின்சுவரும் மேற்கூரையும்,
உலகெங்கும் உள்ள இரவு விடுதிகள்.

பெறுநர்
உயர்திரு உரிமம் வழங்கும் அதிகாரி அவர்கள்,
(எந்தத் துறையின் பொறுப்பு என்று முடிவாகும்வரை) எல்லாத் துறைகளும்.

பொருள்: ராக் இசைக்குழுக்கள் மேடையில் வாணவேடிக்கை வைக்கலாமா என்ற விவாதத்தை முடிக்காமல் தொடர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: வெஸ்ட் வார்விக், 20.02.2003, பியூனஸ் அயர்ஸ், 30.12.2004, சாண்டா மரியா, 27.01.2013, புக்கரெஸ்ட், 30.10.2015.

ஐயா,

வணக்கம். மேற்படி முகவரியில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் என்னைத் தாங்கள் ஒருமுறைகூடக் கண்டதில்லை. அதற்கு நன்றி சொல்லவே இம்மனு. முட்டை அட்டைபோல மேடும் பள்ளமுமாக இருப்பேன். சாமான் அடைக்கும் பெட்டியின் இடுக்கில் செருகத்தான் என்னை முதலில் வாங்குவார்கள். விலை மலிவு, பசை தடவினால் ஒட்டிக்கொள்வேன் என்பதால் சத்தத்தை அடக்கும் உத்தியோகமும் கிடைத்தது. சட்டென்று தீப்பிடிக்காத ரகமும் என் குடும்பத்தில் உண்டு. அவர்களுக்குக் கூலி அதிகம். அதனால் யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், வெஸ்ட் வார்விக் ஊரில் ‘தி ஸ்டேஷன்’ என்று ஒரு கிளப். இரைச்சல் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொன்னதால் 2000இல் மேடையைச் சுற்றி என்னை ஒட்டினார்கள். அவரே ஒரு நுரைக் கம்பெனியின் விற்பனையாளர். என்னை வாங்கியதும் அவர் மூலமாகத்தான். அதன்பிறகு ஆய்வாளர் வந்தார். மேடையோரக் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது, இது விதிமீறல் என்று கறாராகக் குறிப்பு எழுதினார். அந்தக் கதவின் மேலேதான் நான் ஒட்டிக்கொண்டிருந்தேன். கதவைப் பார்த்த கண்ணுக்கு நான் தெரியவில்லை. கடமை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

2003 பிப்ரவரி 20 இரவு, கிரேட் ஒயிட் குழுவின் நிகழ்ச்சி. முதல் பாட்டிலேயே நாலு புஸ்வாணங்கள் சீறின. பதினைந்து அடி உயரம், பதினைந்து விநாடி என்பது அவற்றின் கணக்கு. கூரைக்கு அவ்வளவு உயரமில்லை. மீதியை நான் வாங்கிக்கொண்டேன். அரை நிமிடத்தில் பாட்டு நின்றது. ஒன்றரை நிமிடத்தில் உள்ளே மூச்சுவிட வழியில்லை. என் புகையில் கார்பன் மோனாக்சைடும் உண்டு, ஹைட்ரஜன் சயனைடும் உண்டு. வந்த வழியே ஓடத்தானே மனிதருக்குத் தோன்றும்? முன்வாசலில் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து அடைபட்டார்கள். குழுவின் கிட்டார் கலைஞர் உட்பட 100 பேர் இறந்தார்கள். கிளப்புகளின் பாதுகாப்பைப் பற்றிச் செய்தி எடுக்க வந்திருந்த தொலைக்காட்சிக்காரர் முழுவதையும் படம் பிடித்தும்விட்டார். எப்படி நடந்தது என்று தெரியாது என இனி யாரும் சொல்ல முடியாத நிலை. அப்படியும் எனக்கு வேலை போகவில்லை.

பியூனஸ் அயர்ஸின் க்ரோமஞோன் அரங்கில் வாணம் கொளுத்தியவர்கள் கூட்டத்தில் இருந்தார்கள், அவசர வழிக்குப் பூட்டு, 194 பேர் பலி. பிரேசிலின் சாண்டா மரியாவில், வெட்டவெளியில் வைக்க வேண்டிய மத்தாப்பை, மலிவு என்று அறைக்குள் வைத்தார்கள், தீயணைப்புத் துறையின் சான்று காலாவதி, 242 பேர் பலி. புக்கரெஸ்டின் கோலெக்டிவ் கிளப்பில் கோப்புப்படி 80 பேருக்கு இடம், ஆல்பம் வெளியீட்டுக்கு வந்ததோ சில நூறு பேர், தீயணைப்புச் சான்று வாங்கவே இல்லை, 64 பேர் பலி. அங்கே பிரதமர் பதவி விலகினார், தங்கள் சகாக்கள் சிலர் கோர்ட் படியும் ஏறினார்கள். என் அனுதாபங்கள்.

எனக்கு ஆகாதவர்களும் உண்டு. ஜெர்மனியின் ராம்ஸ்டைன் குழு மேடையையே நெருப்பில் குளிப்பாட்டுகிறது. ஆனால் அதன் பாடகர் டில் லிண்டெமன் வாணவேடிக்கைக்கென முறையாகப் பயின்று உரிமம் வாங்கியவர். ஆடுவது பெரிய அரங்குகளிலும் மைதானங்களிலும். அங்கே எனக்கு என்ன பிழைப்பு? 1992இல் மான்ட்ரியல் மைதானத்தில் மெட்டாலிக்கா குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் தீச்சுவாலைக்குள் அகப்பட்டுக் கை வெந்தார். பெரிய கோளாறுதான், ஆனால் தீயில் வெந்தது அவர் ஒருவர். அதே கோளாறு என் கூரையின்கீழ் நடந்திருந்தால் என்று சற்று யோசியுங்கள். வேண்டாம், யோசிக்காதீர்கள்.

தீப்பிடித்தால் கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரும் என் ஜென்மப் பகை. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனத்தார் ஸ்டேஷன் கிளப்பின் மேடைப் பகுதியை மறுபடி கட்டிக் கொளுத்திப் பார்த்தார்கள். ஸ்பிரிங்க்ளர் வைத்த சோதனையில் தீ அடங்கிவிட்டது. அந்த அறிக்கையைத் தயவுசெய்து பிரித்துவிட வேண்டாம்.

ஆகவே, ஐயா, பட்டிமன்றத்தைத் தொடருங்கள். மேடையில் தீ கலையா, வெறும் கூத்தா? இசை செத்துவிட்டதா? இளைஞர்கள் கெட்டுப்போனார்களா? கிட்டார்காரரின் நீள முடியையும் ஒரு கை பாருங்கள். அணிக்கு மூன்று பேர் பேசட்டும். அத்தனை பேரும் மேடையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அவர்கள் தலைக்குமேல் நிம்மதியாக இருப்பேன்.

கூடவே சில சிறு கோரிக்கைகள்:

1. ஆய்வுக்கு வரும் நாளை முன்கூட்டியே தெரிவிக்கவும். வந்தால் கோப்பை மட்டும் பார்க்கவும்.

2. என்னில் ஒரு துண்டைக் கிள்ளி, வெளியே கொண்டுபோய்ப் பற்றவைத்துப் பார்க்க வேண்டாம். ஒரே தீக்குச்சியில் என் வண்டவாளம் தெரிந்துவிடும்.

3. பின்கதவைத் தள்ளிப் பார்க்க வேண்டாம். திறக்காவிட்டால் தங்களுக்குத்தான் தர்மசங்கடம்.

4. தாழ்ந்த கூரையுள்ள அறைக்குள் தீ கூடவே கூடாது என்று ஒரே வரியில் விதி எழுதிவிட வேண்டாம். அதை எல்லாரும் படித்துவிடுவார்கள். நாற்பது பக்கமாவது இருக்கட்டும்.

இவற்றைக் கனிவுடன் பரிசீலித்தால் போதும். மற்றதெல்லாம் வழக்கப்படி நடக்கும். சம்பவத்துக்கு மறுவாரமே ஊரிலுள்ள கிளப்புகளை எல்லாம் சோதித்துச் சீல் வைப்பீர்கள். அந்த வேகத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நுரை.

நகல்: அடுத்த விசாரணை ஆணையத்துக்கு, முன்கூட்டியே.