35 டாலர்தானே அண்ணே!

எலக்ட்ரீஷியன்: என்ன தம்பி, ஹால்ல ஒண்ணு, கிச்சன்ல ஒண்ணு, சாமி படத்துக்குப் பக்கத்துல ஒண்ணுன்னு பச்சை அட்டையா தொங்குது?

ஐ.டி. தம்பி: ராஸ்பெர்ரி பை அண்ணே! ஒவ்வொண்ணும் முழுக் கம்ப்யூட்டர். எல்லாத்தையும் கோத்து வீடு பூரா வைஃபை விட்டிருக்கேன். ஒண்ணு 35 டாலர்தான்.

எலக்ட்ரீஷியன்: சார்ஜர்?

தம்பி: அது தனி.

எலக்ட்ரீஷியன்: மெமரி கார்டு, டப்பா, குட்டி ஃபேன்?

தம்பி: தனித்தனி. ஆனா போர்டு 35 டாலர்தானே அண்ணே!

எலக்ட்ரீஷியன்: பெட்ரூம்ல நெட் வருதா?

தம்பி: கதவைத் திறந்து வெச்சா வரும்.

எலக்ட்ரீஷியன்: எப்படி வரும்? நடுவுல கம்பி கட்டின கான்கிரீட். இதுல ஆன்டெனாவே அரிசி அளவுதான். ஹால்ல இருக்கறது சொல்றதை கிச்சன்ல இருக்கறது கேட்டு, அதே ரேடியோவுல பெட்ரூமுக்குச் சொல்லணும். கேக்கும்போது பேசாது, பேசும்போது கேக்காது. ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் பாதியாயிடும். உங்க பிளான் என்ன?

தம்பி: 300 எம்பி.

எலக்ட்ரீஷியன்: இது 2016ல வந்த மாடல் 3. இதோட லேன் போர்ட்டே 100தான். மிச்சம் 200க்கு மாசாமாசம் மொய் வெக்கிறீங்க.

தம்பி: புது மாடல் வாங்கிட்டாப் போச்சு. வெறும் 35 டா...

எலக்ட்ரீஷியன்: இருங்க. இந்தச் சிவப்பு லைட் ஏன் அணைஞ்சு அணைஞ்சு எரியுது?

தம்பி: பழைய போன் சார்ஜர் அண்ணே.

எலக்ட்ரீஷியன்: வோல்டேஜ் 4.63க்குக் கீழ இறங்கினா அப்படித்தான். கார்டுல எழுதிக்கிட்டு இருக்கறப்ப கரன்ட் போச்சுன்னா கார்டே காலி.

தம்பி: போன வாரம் போச்சே! விடிய விடிய உக்காந்து மறுபடி ஏத்தினேன். அம்மா மொபைல் டேட்டாவுல சீரியல் பாத்தாங்க. ஆமா, உங்களுக்கு எப்படிண்ணே இதெல்லாம்?

எலக்ட்ரீஷியன்: என் பையன் ஸ்கூல் புராஜெக்ட்டுக்கு வாங்கினான். பிள்ளைங்க புரோகிராம் கத்துக்கட்டும்னு 2012ல கேம்பிரிட்ஜ்காரங்க விட்ட சாமான்தானே! விளம்பரத்தை வடிகட்ட ஒண்ணை வெச்சுக்குங்க, ஜோரா செய்யும். எனக்கு உங்க மேல கோவம் இல்ல தம்பி. இந்த வீட்டைக் கட்டினவன் இருக்கானே... 'ஸ்மார்ட் ஹோம்'னு வழவழ காகிதத்துல அச்சடிச்சான். கை தட்டினா எரியுற லைட்டு, பாத்ரூம்ல பாட்டு! ஸ்லாப் போடுறப்ப ரூமுக்கு ரூம் ஒரு காலி பைப் விடலாம்னு நாங்க தலைபாடா அடிச்சுக்கிட்டோம். 'கஸ்டமர் கண்ணுக்குத் தெரியாததுக்கு எதுக்குய்யா செலவு'ன்னான். கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் முழுங்கிட்டு, தெரியறதுக்கு லட்சம் லட்சமா வாங்கறானுங்க!

தம்பி: இப்ப என்ன பண்றது?

எலக்ட்ரீஷியன்: நிலைக்கு மேல ஒரு ஓட்டை, ஒரு கேட்-6 கேபிள், அந்தப் பக்கம் சாதாரண ரவுட்டர். மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம். ரவுட்டர் உங்களுது. கேபிள், கூலி எல்லாம் சேத்து 800 ரூபாய்.

தம்பி: ஒரு ஒயர் இழுக்க 800ஆ? ரொம்ப ஜாஸ்திண்ணே!

எலக்ட்ரீஷியன்: டாலர்ல சொல்லட்டுமா தம்பி?