விற்காத சத்தத்தின் விலை

ஆரம்பகால பங்க் இசைக்காரர்களில் பாதிப் பேருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. அவதூறு என்று நினைக்க வேண்டாம். அவர்களே மார்தட்டிச் சொல்லிக்கொண்டதுதான். மூன்று கார்டு பிடிக்க வந்தால் போதும், குழு தொடங்கிவிடலாம் என்பது அந்த மதத்தின் முதல் வேதவாக்கு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க விடலைப் பையன்கள் சிலர், அந்த மூன்று கார்டையும் இவ்வளவு நிதானமாக வாசிப்பது சோம்பேறித்தனம் என்று முடிவுகட்டி வேகத்தைக் கூட்டினார்கள். பாட்டு ஒரு நிமிடத்தில் முடிந்தது. பாடகர் என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் புரியவில்லை. யார்மீதோ கொலைவெறியில் இருக்கிறார் என்பது மட்டும் எல்லாருக்கும் புரிந்தது. அதற்கு ஹார்ட்கோர் என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த தெருவில் ஹெவி மெட்டல் குடியிருந்தது. அங்கே எல்லாருக்கும் இடுப்புவரை முடி. எல்லாருக்கும் வாசிக்கத் தெரியும். தெரியும் என்பதை நிரூபிக்க ஆளுக்கு நான்கு நிமிடம் தனி ஆவர்த்தனமும் உண்டு. தலையை மழித்த ஹார்ட்கோர் மொட்டைகளுக்கு முடியைக் கண்டால் ஆகாது, முடிக்கு மொட்டையைக் கண்டால் ஆகாது. 80களின் நடுவில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பெரியவர்களுக்குத் தெரியாமல் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். கோபம் ஒரு வீட்டுச் சீர், கனமான கிதார் இன்னொரு வீட்டுச் சீர். பிறந்த பிள்ளைதான் மெட்டாலிக் ஹார்ட்கோர். தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு திடீரென்று வேகம் குறைந்து தொம் தொம்மென்று நடக்கும். அந்த இடத்துக்கு பிரேக்டவுன் என்று பெயர். அப்போது கீழே நிற்பவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள வேண்டும் என்பது சம்பிரதாயம்.

இந்தப் பிள்ளையை முதலில் பெற்றது யார் என்று அமெரிக்க ஊர்களுக்குள் இன்னும் வாய்த்தகராறு உண்டு. அவர்கள் சண்டை போட்டு முடிப்பதற்குள் டோக்கியோவில் ஜிஸ்ம் என்ற குழு காரியத்தை முடித்துவிட்டிருந்தது. 1983இல் டாக்மா ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட 'டிடெஸ்டேஷன்' தட்டில் சாகேவி யோகோயாமா அடித்தொண்டையில் உறுமுகிறார். அந்த உறுமலுக்கு நடுவே, இவர் இங்கே இருப்பதே தனக்குத் தெரியாது என்கிற பாவனையில் ராண்டி உச்சிதா அசல் ஹெவி மெட்டல் சோலோவை இழைக்கிறார். சாகேவி தீ கக்கும் கருவியோடு மேடையேறிக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார் என்ற கதையை ரசிகர்கள் இன்றும் பயபக்தியோடு சொல்வார்கள். அந்தத் தட்டு பல பத்தாண்டுகளாகத் திருட்டுப் பதிப்புகளாகவே உலகம் சுற்றியது. 2020இல் அமெரிக்காவின் ரிலாப்ஸ் நிறுவனம் முறைப்படி மறுபதிப்புச் செய்து எல்லாருக்கும் கிடைக்கச் செய்தது. நல்ல காரியம்தான். ஆனால் அசல் பிரதியைப் பூட்டி வைத்திருந்தவர்களுக்கு அன்று சோறு இறங்கியிருக்காது.

நியூயார்க்கில் கதை நம் பக்கம் திரும்புகிறது. 1965இல் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த சாமியார் பிரபுபாதா, மறுவருடம் கீழ் மன்ஹாட்டனில் ஒரு பழைய கடையை வாடகைக்குப் பிடித்து ஹரே கிருஷ்ணா பஜனையைத் தொடங்கினார். ஹிப்பிகள் வந்து சேர்ந்தார்கள், அதில் ஆச்சரியமில்லை. இருபது வருடம் கழித்து அதே வட்டாரத்து முரட்டுப் பங்க்குகளும் வந்து சேர்வார்கள் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார். குரோ-மாக்ஸ் குழுவின் பாடகர் ஜான் ஜோசப், பேஸ் கிதார்காரர் ஹார்லி ஃப்ளானகன் இருவரும் கிருஷ்ண பக்தர்கள். 1986இல் வந்த முதல் ஆல்பத்துக்கு 'தி ஏஜ் ஆஃப் குவாரல்' என்று கலியுகத்தின் பெயரையே வைத்தார்கள். அட்டையில் அணுகுண்டு வெடித்தெழும் புகை மண்டலம். கலியுகத்தில் ஓயாத சண்டை நடக்கும் என்று படித்ததோடு நிற்காமல் கடைப்பிடிக்கவும் செய்தார்கள்: குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம் என்று இருவருக்கும் எழுந்த வழக்கு 2019இல்தான் சமரசத்துக்கு வந்தது. பின்னால் வந்த இன்னொரு குழு ஜபமாலையின் மணிக்கணக்கையே எடுத்து '108' என்று பெயர் சூட்டிக்கொண்டது. அவர்கள் கத்திய கத்தலுக்குப் பகவான் முதல் மணியிலேயே காட்சி தந்து, போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

அரிய தட்டுகளின் புராணத்தில் தலையாய அத்தியாயம் ஜட்ஜ் குழுவினுடையது. அதற்கு முன் ஒரு கிளைக்கதை. ஹார்ட்கோருக்குள் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்றொரு பிரிவு உண்டு. குடிக்கக் கூடாது, போதை கூடாது, கண்டவர்களோடு படுக்கக் கூடாது. அடையாளமாகப் புறங்கையில் கருப்பு மார்க்கரால் பெருக்கல் குறி. அப்பா அம்மா சொன்னதையே அப்பா அம்மா நடுங்கும் சத்தத்தில் திருப்பிச் சொன்ன இன்னொரு கலகம் ராக் இசையில் நடந்ததாக எனக்கு நினைவில்லை. யூத் ஆஃப் டுடே என்ற குழு இந்த நெறியின் பெரிய பிரசாரகர். இவர்கள் உபதேசம் தாங்கவில்லை என்று விமர்சனம் கிளம்பியது. அந்தக் குழுவின் கிதார்காரர் ஜான் போர்செலியும், கொஞ்சகாலம் அதில் டிரம்ஸ் வாசித்த மைக் ஃபெராரோவும் உட்கார்ந்து யோசித்தார்கள். செய்த உபதேசம் போதவில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். அப்படிப் பிறந்தது ஜட்ஜ். மைக் தன் பெயரையே மைக் ஜட்ஜ் என்று மாற்றிக்கொண்டார். வாதம் பிரதிவாதம் கிடையாது, நேரே தீர்ப்புதான்.

1989இல் முதல் எல்பியைப் பதிவுசெய்ய மன்ஹாட்டனின் சங் கிங் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். ராப் குழுவான பீஸ்டி பாய்ஸ் பதிவுசெய்த ராசியான இடம். ஆனால் ராசி ராப் இசையோடு தீர்ந்துவிட்டதோ என்னவோ, முடிந்த பதிவைக் கேட்டதும் குழுவின் முகம் சுருங்கிவிட்டது. அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு, ரோட் ஐலண்டின் நார்மண்டி சவுண்ட் ஸ்டுடியோவில் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி வாசித்தார்கள். அதுதான் அதே வருடம் வந்த 'பிரிங்கின் இட் டவுன்'. குழுவும் மகிழ்ச்சி, ரசிகர்களும் மகிழ்ச்சி. கதைக்கு இங்கேயே சுபம் போட்டிருக்கலாம்.

போடவிடாமல் செய்தது ரெவலேஷன் ரெக்கார்ட்ஸ். 1987இல் ரே கப்போவும் ஜோர்டன் கூப்பரும் கனெக்டிகட்டில் தொடங்கிய சின்ன நிறுவனம். தட்டு வருகிறது என்று சொல்லி முன்கூட்டியே தபாலில் பணம் வாங்கியாயிற்று, தட்டு வரவில்லை. பணம் கட்டிய பையன்களின் பொறுமை எல்லைக்கு வந்துவிட்டது. அவர்களுக்கு ஆறுதல் பரிசாக, வேண்டாம் என்று கழித்துப் போட்ட பதிவையே வெள்ளை வினைலில் 110 பிரதி அச்சடித்து அனுப்பினார்கள். தலைப்பு 'சங் கிங் கேன் சக் இட்'. ஸ்டுடியோவின் பெயர் சொல்லித் திட்டிய, குடும்பப் பத்திரிகையில் விளக்கத் தகாத ஒரு வசவு. 

இதில் பொதிந்திருக்கும் ஊதாரித்தனத்தை ரசிக்க, தட்டு எப்படித் தயாராகிறது என்று தெரிய வேண்டும். முதலில் மெழுகுபோல் மிருதுவான பூச்சுள்ள ஒரு தட்டில் ஊசியால் பாட்டை வெட்ட வேண்டும். அதன்மேல் நிக்கல் ஏற்றி உரித்தெடுத்தால் கிடைப்பதைத் தொழிலில் அப்பா என்பார்கள். அப்பாவிலிருந்து அம்மா, அம்மாவிலிருந்து அச்சு. இந்த அச்சுகளுக்கு நடுவில் சூடான பிவிசி உருண்டையை வைத்து நசுக்கினால் அரை நிமிடத்தில் தட்டு. பத்தாயிரம் தட்டு வேண்டுமென்றாலும் நூற்றுப்பத்து வேண்டுமென்றாலும் குடும்பத்தை உருவாக்கும் முன்செலவு போட்டே ஆக வேண்டும். ஒரு கோபத்தைச் சொல்லிவிட்டுப் போக, தபால் அட்டை மலிவாகக் கிடைத்த காலத்தில், இவர்கள் நிக்கலில் சொன்னார்கள்.

இன்று அந்த 110இல் ஒன்று விற்பனைக்கு வந்தால் விலை ஆயிரக்கணக்கான டாலரில் பேசப்படுகிறது. குழுவே ஒப்புக்கொண்டு பெருமையோடு வெளியிட்ட ஆல்பம் அதில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும். கேட்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம் என்றால், அதற்கும் வழி வந்துவிட்டது: 2005இல் ஜட்ஜின் மொத்தப் பதிவுகளும் ஒரே தொகுப்பாக வந்தபோது கழித்துப்போட்ட சங் கிங் பதிவும் அதில் சேர்ந்துகொண்டது. கேட்டவரையில், மறுபடி பதிவுசெய்தது புத்திசாலித்தனம் என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் அசலின் விலை இறங்கவில்லை. வாங்குகிறவர்களின் காதுக்கும் இந்த வியாபாரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

நியூயார்க்கோடு நின்றுவிட்டால் மற்ற ஊர்க்காரர்கள் பெருக்கல் குறி போட்ட கையோடு அடிக்க வருவார்கள். கிளீவ்லாந்து, 1969இல் ஆறே தீப்பிடித்து எரிந்த ஊர். கையாஹோகா நதியில் அவ்வளவு எண்ணெய்க் கழிவு. அப்படிப்பட்ட ஊரில் மெல்லிசை வளரும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. 1991இல் இன்டெக்ரிட்டி 'தோஸ் ஹூ ஃபியர் டுமாரோ' என்ற ஆல்பத்தோடு வந்தது. 1993இல் ரிங்வோர்ம் 'தி பிராமிஸ்' வெளியிட்டது. குழுவின் பெயர் படர்தாமரை, பாடகர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் ஹியூமன் ஃபர்னஸ், அதாவது மனித உலை. கச்சேரிக்குக் குடும்பத்தோடு வருவதை இதைவிட நாசூக்காகத் தடுக்க முடியாது.

சிராக்யூஸ் நகரின் எர்த் கிரைசிஸ் இன்னும் ஒரு படி மேலே. மதுவோடு மாமிசத்தையும் பாலையும் முட்டையையும் விலக்கியவர்கள். பூமியைக் காப்பாற்றுவதே லட்சியம். 1995இல் வந்த ஆல்பத்தின் பெயர் 'டிஸ்ட்ராய் தி மெஷின்ஸ்'. இயந்திரங்களை ஒழிக்கச் சொன்ன அந்தத் தட்டை நீராவியால் சூடாகும் இயந்திரத்தில், பெட்ரோலிய வழிப் பிவிசியில், வரிசையாக அச்சடித்தார்கள். இயந்திரம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் தன் மரண தண்டனையைத் தானே நகலெடுத்துக் கொடுத்தது.

ஐரோப்பாவுக்கு இந்தத் தொற்று பரவியபோது பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்ஸ் பகுதி முதலில் படுத்தது. அங்கே அஞ்சல் குறியீடுகள் எட்டாயிரத்தில் இருக்கும். அதையே எடுத்து ஹெச் 8000 என்று தங்கள் இயக்கத்துக்குப் பெயரிட்டார்கள். காங்கிரஸ், லயர், பிளைண்ட்ஃபோல்ட் எல்லாம் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள். முதல் பெயரைப் பார்த்து யாரும் கதர்ச் சட்டையைத் தேட வேண்டாம். அவர்களின் கோயில், ஈப்பர் ஊரில் இருந்த வோர்ட்டன் விஸ் என்ற கூடம்; உள்ளூர்ப் பேச்சில் அழுகின மீன். ஈப்பர், முதல் உலகப்போரில் தரைமட்டமான ஊர். அங்குள்ள மெனின் வாயிலில், கல்லறை கிடைக்காமல் மறைந்த 54,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் செதுக்கியிருக்கின்றன. இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் உண்டு. தினமும் இரவு 8 மணிக்கு அங்கே எக்காளம் ஊதி அஞ்சலி செலுத்துவார்கள். அது முடிந்து ஊரே மௌனமாக வீடு திரும்பும் நேரத்தில் அழுகின மீனில் காங்கிரஸ்காரர்கள் ஆம்ப்ளிஃபையரைத் திருகுவார்கள். போர் பார்த்த ஊர் என்பதால் பொறுத்துக்கொண்டது.

ஜெர்மனியின் பிரெமன் நகருக்கு இந்த விஷயத்தில் தொல்மரபே உண்டு. கிரிம் சகோதரர்களின் கதையில் கழுதை, நாய், பூனை, சேவல் நான்கும் பிரெமனுக்குப் போய் இசைக்கலைஞர்களாகலாம் என்று புறப்படும். வழியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்று ஒரே நேரத்தில் கத்த, திருடர்கள் உயிர் தப்பினால் போதும் என்று ஓடுவார்கள். கடைசிவரை அவை பிரெமனுக்குப் போய்ச் சேரவே இல்லை. 90களில் அந்தக் காலியிடத்தை ஆக்மி, சிஸ்ட்ரல் போன்ற குழுக்கள் நிரப்பின. பெர் கோரோ என்ற உள்ளூர் நிறுவனம் இந்தச் சத்தங்களைத் தட்டாக்கியது. ஆக்மியின் ஆயுள் மிகக் குறைவு. அவர்கள் விட்டுச் சென்றதை எல்லாம் பின்னாளில் ஒரே தொகுப்பில் அடக்கிவிட்டார்கள். அதற்குள் தட்டு தேடுவோர் பட்டியலில் இடம்பிடித்துவிட்டார்கள்.

இவற்றையெல்லாம் இன்று தேடிப்பிடிப்பவர்கள் ஐம்பதைத் தாண்டிய, முழங்கால் வலியுள்ள கண்ணியவான்கள். தட்டின் கடைசி வரிக்கும் லேபிளுக்கும் நடுவிலுள்ள வெற்றுப் பட்டையில் யாரோ ஊசியால் கிறுக்கிய கேலியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார்கள். சிவப்பு வினைலா, மஞ்சளா, அதில் எத்தனை பிரதி என்று ஒப்பிப்பார்கள். தட்டு வந்துவிட்டது, அட்டை அச்சாகி வரவில்லை, இன்று இரவு வெளியீட்டுக் கச்சேரி என்ற நெருக்கடியில் குழுக்கள் அட்டையை ஜெராக்ஸ் எடுத்து மடித்துச் செருகியதுண்டு. அந்த ஜெராக்ஸ் அட்டைப் பிரதிக்குத்தான் இன்று கூடுதல் விலை. அச்சகத்துக்காரர் சொன்ன தேதியில் கொடுக்காத குற்றத்துக்குச் சேகரிப்பாளர் அபராதம் கட்டுகிறார். ஆபத்தும் இல்லாமலில்லை: ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து அசல் என்று விற்றால் எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது?

இவை அரிதானதற்குக் காரணம் சொல்லும்போது மட்டும் எல்லாரும் ஒரு மரியாதைக்குரிய மௌனத்தைக் கடைப்பிடிக்கிறார்கள். நான் சொல்லிவிடுகிறேன்: கேட்க ஆளில்லை. அமெரிக்காவில் 1988இலேயே சிடி விற்பனை எல்பியைத் தாண்டிவிட்டது. பெரிய நிறுவனங்கள் கைகழுவிய வினைலை இந்தப் பையன்கள் பிடித்துக்கொண்டதற்குக் காசில்லாமை ஒரு முக்கியக் காரணம். இருந்த பணத்துக்கு ஐந்நூறு தட்டு, ஆயிரம் தட்டு. அதையும் வேனில் ஏற்றி ஊர் ஊராகப் போய், கச்சேரி முடிந்ததும் மேசைமேல் பரப்பி, பாதியைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

இப்போது கைமாறும் ஆயிரங்களில் குழுவுக்கு ஒரு பைசா போகாது. மறுவிற்பனைப் பணம் விற்றவருக்கு மட்டும்தான். பாடியவருக்குக் காசு கிடைத்திருக்கக்கூடிய ஒரே இடம் அந்த மேசை. அன்று அதைச் சுற்றிக்கொண்டு போய் சட்டையில் ரத்தத்தைத் துடைத்தவர்கள்தான் இன்று ஏலத்தில் கையைத் தூக்குகிறார்கள். ஆகவே, அரிய தட்டு சேர்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு என்னிடம் மலிவான யோசனை ஒன்று உண்டு. உங்கள் ஊரில் பத்துப் பேர் முன்னால் தொண்டை கிழியக் கத்தும் குழு ஏதாவது இருந்தால் கச்சேரி முடிந்ததும் நேரே மேசைக்குப் போய் ஒன்று வாங்கிவிடுங்கள். முப்பது வருடத்தில் விலை ஏறினால் உங்கள் அதிர்ஷ்டம். ஏறாவிட்டாலும் நஷ்டமில்லை, பிரித்துக் கேட்கலாம். அன்றிரவு வேனுக்கு டீசலாவது ஆகியிருக்கும்.